தலைக்கு ஒன்றரை லட்சம்

பனி வாரும் வண்டி போன தடத்திலேயே
என் காரும் போனது.
மார்ச் முடிய ஒன்பது நாள்.
பக்கத்து இருக்கையில் படிவங்கள்,
நனையக் கூடாதென்று
அவற்றுக்குப் போர்த்தியிருந்தேன் என் கோட்டை.

ஷிரானே கயோ கொட்டிலில் இருந்தாள்.
கறவை இயந்திரத்தின் இரைச்சலுக்குள்ளிருந்து
நிமிராமலே கேட்டாள்:
"இவாகுரா, இந்தமுறை கொடுக்கவா, எடுக்கவா?"

கொடுக்கத்தான்.
கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருடம்,
எடுக்க நான் ஒருநாளும் போனதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால்
இதே மேசையில் விரித்தது வேறு படிவம்.
வெண்ணெய்த் தட்டுப்பாடு.
ஆளுக்கு ஒரு கட்டிதான் என்று
கடைகளில் சீட்டு ஒட்டியிருந்த காலம்.
மாட்டைப் பெருக்குங்கள் என்றார்கள்.
புதுக் கொட்டிலுக்குப் பாதிப் பணம் மானியம்,
மீதிக்கு இருபது வருடக் கடன்,
அறுபது மாடு நிற்கவேண்டும் என்பது நிபந்தனை.
அவள் கணவன் மொரிஹிரோ அப்போது இருந்தான்.
முத்திரையை வாயால் ஊதி ஊதிக் குத்தினான்,
சிவப்பு மை காய்வதற்குள்
எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினான்.

இப்போது பால் மிஞ்சிவிட்டது.
பள்ளிகள் மூடிய மாதங்களில் ஆரம்பித்தது,
குடிப்பதற்குப் பிள்ளைகள் இல்லை.
தீவனம் கப்பலில் வருகிறது,
ஒவ்வொரு கப்பலிலும் ஒரு புது விலை.
சென்ற வாரம் வாய்க்காலில் பாலை ஊற்றினார்கள்.
பனிமேல் பால் தெரியவில்லை,
ஆவி மட்டும் தெரிந்தது.

"தலைக்கு ஒன்றரை லட்சம் யென்" என்றேன்.
"யார் தலைக்கு?"
"மாட்டின் தலைக்கு."
"கேட்டுக்கொள்வது நல்லது" என்றாள்.

ஏழு கிழப் பசுக்களைக் கழிப்பதாக முடிவு.
காதுச் சீட்டு எண்களை அவள் சொன்னாள்,
பத்து இலக்கமும், பார்க்காமல்.
நான் எழுதினேன், பார்த்து.
பிறகு எழுந்து போய்
ஒரு நீலக் கோப்பைக் கொண்டுவந்தாள்.
பதினொன்றாம் விதி:
அறுபதுக்குக் கீழே போனால்
கொட்டிலுக்கு வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும்.
அடியில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.
கொஞ்சம் இளமையான கையெழுத்து.

நகரசபைக்குப் போன் போட்டேன்.
சப்போரோவைக் கேட்கச் சொன்னார்கள்.
சப்போரோ தோக்கியோவைக் கேட்கச் சொன்னது.
தோக்கியோவில் ஒரு இளைஞன்
பணிவாக விளக்கினான்:
அது மூன்றாம் மாடி, இது ஐந்தாம் மாடி.

பிள்ளையைக் கிள்ளுகிறவருக்கும்
தொட்டிலை ஆட்டுகிறவருக்கும்
நடுவே லிஃப்ட் இருக்குமே என்று
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.
நானும் சம்பளக்காரன்.

நாலு மணிக்கு ஃபேக்ஸ் வந்தது:
காலியான ஏழு இடங்களையும்
"வரவிருக்கும் மாடுகள்" எனக் கணக்கிடலாம்,
இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் பட்சத்தில்.
கயோ சிரித்தாள்.
எட்டு வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு என்று எழுதலாம்,
ஆனால் அவள் அடிக்கடி சிரிக்கிறவள்தான்.
முத்திரை குத்தினாள்.
ஊதவில்லை.

வியாழக்கிழமை லாரி வந்தது.
ஆறு பசுக்கள் ஏறின.
ஏழாவது, சாய்பலகையில் முன்கால் வைத்து
அப்படியே நின்றது.
யாரும் அடிக்கவில்லை.
கயோ அதன் இடுப்பெலும்பில் தோளைக் கொடுத்து
தேங்கிய காரைத் தள்ளுவதுபோல் தள்ளினாள்.
ஏறிற்று.

கொட்டிலுக்குத் திரும்பினால்
கோடியில் ஒரு கிடேரி ஈன்றிருக்கிறது,
ஈரக் கன்று, எழத் தெரியாமல்.
வால் தூக்கிப் பார்த்தாள்.
காளை.
போன சந்தையில் இந்த ஜாதிக் காளைக்கன்று
நூற்றுப்பத்து யென்னுக்குப் போனதாம்.

அதை இரு கைகளிலும் வாரித் தூக்கி
கழுவி வைத்த காலி இடத்தில்
வைக்கோல் மேல் இறக்கினாள்.
"வரவிருந்தது வந்துவிட்டது. எழுதிக்கொள்."
பால்மாட்டுக் கணக்கில் காளை சேராது என்றேன்.
"இடம் சுத்தமாக இருக்கிறதா இல்லையா?"

எழுதினேன்.
எந்த மாடி அதைப் படிக்கும் என்று தெரியாது.

திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தருகே,
பனிக்குள் பாதி புதைந்து
ஒரு காப்பி இயந்திரம் எரிந்துகொண்டிருந்தது.
டப்பா நூற்றுமுப்பது யென்.
பால் கலந்தது, கலக்காதது என்று
இரண்டு பொத்தான்.
எனக்குக் கலக்காததுதான் பிடிக்கும்.

கலந்ததை அழுத்தினேன்.